பிரண்டை எனக்குச் செய்ததும் செய்யாததும்

எனக்கு 44 வயதில் கர்ப்பப்பையை எடுத்தார்கள். உள்ளே நார்க்கட்டி, மாதத்தில் பத்து நாள் உதிரப்போக்கு, ஹீமோகுளோபின் 7-க்கு இறங்கியிருந்தது. வேறு வழியில்லை என்றார்கள், கையெழுத்துப் போட்டேன். மறுநாள் வார்டுக்கு வந்தபோதுதான், "ரெண்டு பக்கத்து முட்டைப்பையையும் சேர்த்தே எடுத்தாச்சும்மா, இனிமே அந்தத் தொந்தரவே வராது" என்றார்கள். எனக்கும் அப்போது நிம்மதியாகத்தான் இருந்தது. மூன்றாவது வாரம், ராத்திரி இரண்டு மணிக்குக் கழுத்திலிருந்து அனல் கிளம்பித் தலையணை உறை நனைகிற அளவுக்கு வியர்த்தது. உடம்புக்குள் என்னவோ மாறிவிட்டது என்று அன்றைக்குத்தான் புரிந்தது. அது எலும்பு வரைக்கும் போகும் என்று ஒருவரும் சொல்லவில்லை.

ஏழு வருடம் கழித்து, புறவாசலில் துணி துவைத்த சோப்புத் தண்ணீரில் கால் வழுக்கியது. கையை ஊன்றி உட்கார்ந்தேன், அவ்வளவுதான். வலது மணிக்கட்டு முறிந்துவிட்டது. மாவுக்கட்டுப் போட்டு ஆறு வாரத்தில் பிரித்தார்கள். "கீழ விழுந்தா ஒடையத்தானே செய்யும்" என்று எல்லோரும் சொன்னார்கள், நானும் அப்படித்தான் நினைத்தேன். மாடியிலிருந்து விழவில்லை, வண்டி மோதவில்லை, நின்ற இடத்தில் சறுக்கி விழுந்ததற்கே எலும்பு முறிகிறது என்றால் அந்த எலும்பைச் சந்தேகப்பட வேண்டும் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. 50 வயதுக்கு மேல் அப்படி ஒரு முறிவு வந்தால், கட்டுப் பிரிக்கிற அன்றே எலும்பு அடர்த்திப் பரிசோதனை எழுதிக் கேளுங்கள். இந்த ஒரு வரிக்காகவே இதை எழுதலாம் என்று நினைத்தேன்.

நான் அப்போது பரிசோதனைக்குப் போகவில்லை. பிரண்டைக்குப் போனேன்.

எங்கள் பக்கம் திருநெல்வேலி. வேலியில் பிரண்டை படராத வீடு கிராமத்தில் குறைவு. எலும்பு ஒட்டும் மூலிகை என்று பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும். இந்தியில் இதற்கு ஹட்ஜோட் என்றே பேர், எலும்பைச் சேர்ப்பது என்று அர்த்தம். வடமொழியில் வஜ்ரவல்லி. என் மதினி ஊரிலிருந்து ஒரு பை நிறையப் பறித்துக்கொண்டு வந்து, "வாரத்துக்கு மூணு நாள் தொவையல் வச்சுச் சாப்பிடு, எலும்பு இரும்பா ஆயிரும்" என்றாள். அவள் சொன்னதில் பாசம் முழுக்க இருந்தது. பாதி உண்மையும் இருந்தது.

பிரண்டையைக் கையாள்வது ஒரு தனி வேலை. நாலு பட்டையாக இருக்கும் தண்டில் நுனிப்பக்கத்து இளசு மட்டும்தான் துவையலுக்கு ஆகும். விரலால் ஒடித்தால் சட்டென்று ஒடிய வேண்டும், வளைந்தால் முற்றியது. கையில் நல்லெண்ணெயைத் தடவிக்கொண்டுதான் தொட வேண்டும், இல்லாவிட்டால் விரல் இடுக்கெல்லாம் ஊறல் எடுத்துவிடும். கணுவை வெட்டித் தள்ளிவிட்டு, நாலு ஓரத்திலும் நாரை உரித்து, சின்னத் துண்டாக்கி, நல்லெண்ணெயில் பச்சை நிறம் மாறிப் பழுப்பு ஏறும் வரை நிதானமாக வதக்க வேண்டும். இதில் அவசரப்பட்டால் நாக்கும் தொண்டையும் நமநமவென்று அரிக்கும். உளுத்தம்பருப்பு, மிளகாய் வற்றல், பெருங்காயம், புளி கொஞ்சம் தாராளமாக. அம்மியில் அரைத்தால் ருசியே வேறு. எங்கள் தெருவில் திவசச் சாப்பாட்டில் பிரண்டைத் துவையல் இல்லாமல் இலை போடாத வீடுகள் உண்டு. அப்படி இது சமையலோடு கலந்த மருந்து.

அந்த அரிப்புக்குக் காரணம் கண்ணுக்குத் தெரியாத ஊசி மாதிரியான படிகங்கள். கால்சியம் ஆக்சலேட். பிரண்டையில் கால்சியம் நிறைய இருக்கிறது என்று சொல்வது சரிதான், ஆனால் அதில் கணிசமான பங்கு இப்படி ஆக்சலேட்டோடு பிணைந்து கிடக்கிறது. பிணைந்த கால்சியத்தைக் குடல் உறிஞ்சுவது மிகக் குறைவு. பசலை மாதிரிக் கீரைகளுக்கும் இதே கதை. சிறுநீரகக் கல் வந்தவர்கள் பிரண்டையைத் தினப்படி உணவாக்கக் கூடாது என்று சித்த மருத்துவர் எனக்குப் பிற்பாடு சொன்னதும் இதனால்தான்.

சரி, என் கதைக்கு வருகிறேன். துவையல், பிரண்டை வற்றல், அது போக மருந்துக்கடையில் வாங்கிய பிரண்டை மாத்திரை என்று பதினாலு மாதம் விடாமல் சாப்பிட்டேன். இடுப்பு வலி குறைந்தது. காலையில் எழுந்ததும் முழங்காலில் இருந்த பிடிப்பு விட்டது. வயிறு நன்றாக இருந்தது, பசி எடுத்தது. எலும்பு பலமாகிவிட்டது என்று முழுதாக நம்பினேன். மகள் சென்னையிலிருந்து போன் பண்ணும்போதெல்லாம் டெக்ஸா, அதாவது அந்த எலும்பு அடர்த்திப் பரிசோதனை, எடுத்துப் பாரும்மா என்பாள். "எனக்குத்தான் வலியே இல்லையே, எதுக்குட்டி அதெல்லாம்" என்று சொல்லிவிடுவேன்.

என் தவறு அங்கேதான் இருந்தது. பலருக்கும் இதே தவறு நடப்பதைப் பார்க்கிறேன், அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

நாம் பேச்சில் "எலும்புத் தேய்மானம்" என்று ஒரே சொல்லில் இரண்டு வேறு நோய்களைச் சொல்கிறோம். முழங்காலில் குருத்தெலும்பு தேய்ந்து எலும்போடு எலும்பு உரசுவது ஒன்று. அது மூட்டுத் தேய்மானம். வலிக்கும், வீங்கும், படி ஏற முடியாது. இன்னொன்று எலும்புக்குள் இருக்கும் சல்லடை போன்ற அமைப்பு மெலிந்து ஓட்டை பெரிதாவது. அதற்கு எலும்புப்புரை என்று பேர். அது வலிக்கவே வலிக்காது. முறிகிற வரை ஒரு அறிகுறியும் காட்டாது. பிரண்டைக்கு வலியையும் வீக்கத்தையும் ஓரளவு தணிக்கும் குணம் உண்டு. என் முழங்காலுக்கு அது கேட்டது. முதுகெலும்பு என்ன கதியில் இருக்கிறது என்பதை முழங்கால் வலி குறைந்ததை வைத்து நான் கணக்குப் போட்டேன். இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை.

முட்டைப்பையில் சுரக்கும் ஈஸ்ட்ரோஜென் என்ற ஹார்மோன் குறைந்தால் எலும்பில் என்ன நடக்கிறது என்று மருத்துவர் எனக்குச் சொன்ன விதம் மறக்கவில்லை. எலும்பு என்பது ஓயாமல் மராமத்து நடக்கிற வீடு. பழைய சுவரை இடிக்கிற செல்கள் ஒரு பக்கம், புதிதாகக் கட்டுகிற செல்கள் ஒரு பக்கம். இடிக்கிற ஆட்களை மட்டுக்குள் வைத்திருக்கும் மேஸ்திரிதான் ஈஸ்ட்ரோஜென். மாதவிடாய் நின்றதும் மேஸ்திரி போய்விடுகிறார். கட்டுகிறவர்கள் கட்டிக்கொண்டுதான் இருப்பார்கள், ஆனால் இடிக்கிற வேகத்துக்கு ஈடு கொடுக்க முடியாது. மாதவிடாய் நின்ற முதல் ஐந்தாறு வருடத்தில்தான் இந்த இழப்பு மிக வேகம், அப்புறம் மெதுவாகும். இயற்கையாக நிற்கிறவர்களுக்கு ஹார்மோன் படிப்படியாக இறங்கும். முட்டைப்பையை எடுத்த எனக்கு ஒரே நாளில் நின்றது. 45 வயதுக்குள் முட்டைப்பை போனவர்களுக்கு, வேறு தடை இல்லையென்றால், இயற்கையாக நிற்கும் வயது வரை ஹார்மோன் சிகிச்சை கொடுப்பது வழக்கமாம். என்னிடம் யாரும் அப்படி ஒன்று இருப்பதாகவே பேசவில்லை. கர்ப்பப்பை அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்திருக்கும் தங்கைகள் யாராவது இதைப் படித்தால், முட்டைப்பையையும் எடுக்கப் போகிறார்களா, எடுத்தே ஆக வேண்டுமா, எடுத்தால் எலும்புக்கு என்ன ஏற்பாடு என்று கையெழுத்துப் போடும் முன் கேளுங்கள்.

என்னைப் பரிசோதனைக்கு அனுப்பியவர் ஒரு சித்த மருத்துவர். பிரண்டை நன்றாக வேலை செய்கிறதே, இன்னும் ஏதாவது பற்பமும் சேர்த்துக் கொடுப்பார் என்ற எண்ணத்தில் அவரிடம் போயிருந்தேன். நாடி பார்த்தார், கதையெல்லாம் கேட்டார். அப்புறம் கதவு நிலையில் என்னை நிமிர்ந்து நிற்கச் சொல்லி அளந்தார். 152 செ.மீ. "கல்யாணத்தப்ப எவ்வளவு இருந்தீங்க?" என்றார். எனக்குத் தெரியும், ஆசிரியர் பயிற்சியில் சேர்ந்தபோது எடுத்த மருத்துவச் சான்றிதழில் 155 என்று இருக்கிறது. மூன்று செ.மீ. எங்கே போனது? சமையலறை மேல்தட்டில் ஊறுகாய் ஜாடியை எடுக்க முக்காலி போடுவது வயதானதால் என்று நினைத்திருந்தேன். அவர் மருந்து எதுவும் எழுதாமல், டெக்ஸா எடுத்துவிட்டு வாருங்கள், அதைப் பார்க்காமல் நான் ஒன்றும் கொடுக்க மாட்டேன் என்றார். நல்ல வைத்தியரை அடையாளம் காண இதைவிட வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

டெக்ஸா என்பது ஒன்றுமில்லை. மேஜையில் மல்லாந்து படுத்தால் மேலே ஒரு கை மாதிரிக் கருவி நகர்ந்து போகும். கால் மணி நேரத்தில் முடிந்தது. ஊசி இல்லை, வலி இல்லை. கதிர்வீச்சும் மிகக் குறைவுதான். அதில் டி ஸ்கோர் என்று ஒரு எண் வரும். மைனஸ் 1 வரை இயல்பு, மைனஸ் 1-க்கும் மைனஸ் 2.5-க்கும் நடுவில் அடர்த்திக் குறைவு, மைனஸ் 2.5 அல்லது அதற்கும் கீழே என்றால் எலும்புப்புரை. இந்த அளவுகோலை உலக சுகாதார நிறுவனம் 1994-ல் வகுத்தது. என் முதுகெலும்பு மைனஸ் 2.7. இடுப்பு மைனஸ் 2.1. பதினாலு மாதம் பிரண்டை சாப்பிட்ட பிறகு வந்த எண் இது.

பிரண்டையால் கெட்டது என்று சொல்லவில்லை. அது இல்லாவிட்டால் இன்னும் மோசமாக இருந்திருக்குமா, தெரியாது, ஏனென்றால் முன்னால் ஒரு தடவை எடுத்து வைத்திருந்தால்தானே ஒப்பிட முடியும். ஆரம்ப எண் இல்லாமல் மருந்து தொடங்கியதுதான் பிழை. கல்யாண மண்டபம், கோயில் வாசலில் முகாம் போட்டுக் குதிகாலை ஒரு சின்னக் கருவிக்குள் வைத்துப் பார்ப்பார்களே, அதை நம்பியும் முடிவெடுக்க வேண்டாம். அது மேலோட்டமான வடிகட்டல்தான், அதை வைத்து எலும்புப்புரை உண்டு இல்லை என்று சொல்லிவிட முடியாது.

பிரண்டையைப் பற்றி ஆராய்ச்சிகள் என்ன சொல்கின்றன என்று அப்போதுதான் மகள் தேடிப் படித்துச் சொன்னாள். 1960-களிலேயே காசி இந்துப் பல்கலைக்கழகத்தில் டாக்டர் கே. என். உடுப்பா குழுவினர் விலங்குகளில் சோதித்து, முறிந்த எலும்பு சேருவதைப் பிரண்டை விரைவுபடுத்துகிறது என்று காட்டினார்கள். முட்டைப்பை நீக்கிய எலிகளுக்கு, அதாவது என் நிலையில் இருக்கும் எலிகளுக்கு, பிரண்டைச் சாறு கொடுத்து எலும்பிழப்பு குறைந்ததை மணிப்பாலில் பார்த்திருக்கிறார்கள். ஆக நம் பாட்டிமார் சொன்னது வெறும் கதை இல்லை. ஆனால் மாதவிடாய் நின்ற பெண்களில் ஆயிரக்கணக்கானோரைப் பல வருடம் கவனித்து, பிரண்டை சாப்பிட்டவர்களுக்கு இடுப்பு முறிவு குறைந்தது என்று காட்டிய ஆய்வு கிடையாது. முறிந்த எலும்பை ஒட்டுவது ஒரு வேலை, முறியாமல் காப்பது வேறு வேலை. முதல் வேலைக்கு வாங்கிய பேரை வைத்து இரண்டாவது வேலையையும் அதன் தலையில் நான் கட்டியிருந்தேன்.

டெக்ஸா அறிக்கையோடு எலும்பு மருத்துவரிடமும் போனேன், திரும்பச் சித்த மருத்துவரிடமும் போனேன். இருவருக்கும் ஒருவர் கொடுப்பதை மற்றவரிடம் சொன்னேன். சொல்லாமல் மறைப்பவர்கள் நிறைய. "இங்கிலீஷ் மருந்து சாப்பிடுறேன்னா வைத்தியர் கோவிச்சுக்குவார்", "நாட்டு மருந்துன்னா டாக்டர் திட்டுவார்" என்று இரண்டு பக்கமும் வாயை மூடிக்கொள்கிறோம். கோபித்துக்கொண்டால் வேறு ஆளைப் பார்க்கலாம். மறைத்தால் நமக்குத்தான் கேடு.

ரத்தத்தில் வைட்டமின் டி 11 தான் இருந்தது. 20-க்குக் கீழே குறைபாடு. இவ்வளவு வெயில் அடிக்கிற ஊரில் எப்படி என்று எனக்கு நம்பவே முடியவில்லை. யோசித்துப் பார்த்தால், காலை எட்டு மணிக்குப் பள்ளிக்கூடத்துக்குள் போனால் சாயங்காலம்தான் வெளியே. வெளியே வந்தாலும் முழுக்கைச் சட்டை, முந்தானை முக்காடு, குடை. வைட்டமின் டி இல்லாமல் எத்தனை கேழ்வரகுக் கூழ் குடித்தாலும் கால்சியம் குடலிலேயே பெரும்பாலும் நின்றுவிடும். முதலில் வாராவாரம் ஒரு மாத்திரையாகக் கொடுத்துத் தேற்றினார்கள். இப்போது விடுமுறை நாளில் காலை பதினொரு மணிக்கு மொட்டை மாடியில் இருபது நிமிடம், கை காலில் வெயில் படும்படி. வற்றல் காயப்போடுகிற நேரமும் அதுதான், எனக்குத் தோதாக இருக்கிறது.

எலும்புக்கு அலென்ட்ரோனேட் 70 மில்லிகிராம், வாரம் ஒன்று. இடிக்கிற செல்களை அடக்கும் மருந்து. இதைத் தொடங்கும் முன் பல் பிடுங்குகிற வேலை இருந்தால் முடித்துவிடச் சொன்னார்கள். வெறும் வயிற்றில், ஒரு தம்ளர் நிறையப் பச்சைத் தண்ணீரோடு, விழுங்கிய பிறகு அரை மணி நேரம் படுக்காமல், வேறு எதுவும் சாப்பிடாமல் இருக்க வேண்டும். இங்கேயும் ஒரு தப்புப் பண்ணினேன். சித்த மருத்துவர் காலையில் குடிக்கச் சொன்ன கஷாயத்தை, "ரெண்டும் வெறும் வயித்து மருந்துதானே" என்று மாத்திரையோடு சேர்த்தே குடித்துக்கொண்டிருந்தேன். இரண்டு மாதம் அந்த மாத்திரையில் பெரும்பகுதி வீணாகத்தான் போயிருக்கும். காபி, பால், கஷாயம், கால்சியம் எது கூடப் போனாலும் அது உடம்பில் சேராது. தைராய்டு மாத்திரைக்கும் இதே சட்டம், கால்சியத்துக்கும் அதற்கும் நாலு மணி நேர இடைவெளி. இப்போது காலண்டரில் ஞாயிறு காலைக் கட்டத்தில் சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டிருக்கிறேன். அன்று கஷாயம் மாலையில்தான்.

சித்த மருத்துவர் தந்ததில் சங்கு பற்பம், முத்துச்சிப்பிப் பற்பம் இரண்டும் இருந்தன. சங்கும் சிப்பியும் கால்சியம் கார்பனேட்தான், ஆங்கில மருந்துக்கடையில் விற்கும் கால்சியம் மாத்திரைகளிலும் சில வகை சிப்பி ஓட்டிலிருந்தே வருகின்றன. இதைத் தெரிந்துகொண்டபோது எனக்கு நம் ஆட்கள் மேல் பெரிய மரியாதை வந்தது. அதே சமயம் ஒரு நடைமுறைப் பாடமும் இருக்கிறது. பற்பமும் கால்சியம், மாத்திரையும் கால்சியம் என்றால் இரண்டையும் கூட்டிக் கணக்குப் பார்க்க வேண்டும். மருத்துவர்கள் இருவரும் பேசி எனக்கு மாத்திரையைக் குறைத்தார்கள்.

அமுக்கரா, அதாவது அஸ்வகந்தா, எனக்கு வேண்டாம் என்று சித்த மருத்துவரே சொல்லிவிட்டார். எனக்குத் தைராய்டு மாத்திரை நடக்கிறது, அமுக்கரா தைராய்டு சுரப்பைக் கூட்டக்கூடும், சுரப்பு அதிகமானால் எலும்பு இன்னும் வேகமாகக் கரையும். வலுவுக்கு என்று எல்லோரும் பாலில் கலந்து குடிக்கிற பொடி அது! அதிமதுரமும் அப்படித்தான், ரத்த அழுத்தம் உள்ளவர்கள் தினமும் எடுக்கக் கூடாது. மார்பகப் புற்றுநோய் வந்து மாத்திரையில் இருப்பவர்கள், பெண்களுக்கு ஹார்மோன் சுரக்க வைக்கும் என்று சொல்லி விற்கிற எதையும் தங்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடவே கூடாது.

இனி என் பெரியம்மா மகள், அக்காவின் கதை. இதைச் சொல்ல அவளிடம் அனுமதி வாங்கிவிட்டேன். முழங்கால் வலிக்கு ஊர் ஊராகப் போகிற ஒரு வைத்தியரிடம் பொடி வாங்கிச் சாப்பிட்டாள். பிளாஸ்டிக் உறை, மேலே பெயர் கிடையாது, என்ன சேர்ந்திருக்கிறது என்று கேட்டால் "ஆயிரம் மூலிகை" என்றாராம். மூன்றே நாளில் வலி பறந்துவிட்டது. அவள் புகழ்ந்து புகழ்ந்து எனக்கும் ஒரு பாக்கெட் கொண்டுவந்து தந்தாள். நான் சாப்பிடாமல் வைத்திருந்தது என் பாக்கியம். மாதங்கள் போகப் போக அவள் முகம் நிலா மாதிரி உருண்டது, சர்க்கரை ஏறியது, தோல் லேசாகத் தட்டினாலே கன்றிப்போனது. எட்டாவது மாதம் தண்ணீர்க் குடத்தைத் தரையிலிருந்து தூக்கும்போது முதுகில் மளுக் என்றது. முள்ளெலும்பு ஒன்று அமுங்கிவிட்டது. காலை ரத்தத்தில் கார்டிசால், அதாவது உடம்பே சுரக்கிற ஸ்டீராய்டு, எவ்வளவு என்று அளந்து பார்த்த மருத்துவர், அந்தப் பொடியில் ஸ்டீராய்டு கலந்திருக்க வேண்டும் என்றார். வெளியிலிருந்து மாதக்கணக்கில் ஸ்டீராய்டு போனதால் உடம்பு தன் சொந்தச் சுரப்பையே நிறுத்தியிருந்தது. எலும்பை அரிப்பதில் ஸ்டீராய்டுக்கு நிகரான மருந்து குறைவு. எலும்புக்கு என்று வாங்கிய பொடியே எலும்பைத் தின்றிருக்கிறது.

அப்படிப் பொடி சாப்பிடுகிறவர்கள் இதைப் படித்துப் பயந்து இன்றைக்கே சட்டென்று நிறுத்திவிடாதீர்கள். திடீரென்று நிறுத்தினால் ரத்த அழுத்தம் விழுந்து உயிருக்கே ஆபத்தாகலாம். பொடியோடு மருத்துவரிடம் போங்கள், அவர் படிப்படியாக இறக்குவார்.

என்னிடம் யார் கேட்டாலும் நான் சொல்வது இதுதான்: உறையில் உரிம எண், தொகுதி எண், தயாரித்த தேதி, காலாவதித் தேதி, சேர்க்கை விவரம் இத்தனையும் இருந்தால் மட்டும் வாங்குங்கள். மூன்று நாளில் அதிசயம் காட்டும் மூலிகைப் பொடி எதையும் நம்பாதீர்கள், மூலிகை அவ்வளவு வேகமாக வேலை செய்யாது. பட்டம் படித்த சித்த மருத்துவர்கள் அரசு மருத்துவமனைகளிலேயே இருக்கிறார்கள். பாளையங்கோட்டையில் 1964 முதல் அரசு சித்த மருத்துவக் கல்லூரி நடக்கிறது, சென்னைக்காரர்களுக்குத் தாம்பரம் சானடோரியத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனம், அரும்பாக்கத்தில் அண்ணா மருத்துவமனை. இத்தனை இருக்கும்போது தெருமுனைக் குடைக்குக் கீழே போய் நிற்க வேண்டிய அவசியமே இல்லை.

சாப்பாட்டில்தான் நம் மரபு உண்மையிலேயே பெரிய சொத்து என்பது என் எண்ணம். மாதவிடாய் நின்றவர்களுக்கு ஒரு நாளைக்கு 1,000 முதல் 1,200 மில்லிகிராம் கால்சியம் தேவை. 100 கிராம் கேழ்வரகு மாவில் சுமார் 350 மில்லிகிராம் இருக்கிறது, அரிசியில் அதில் முப்பதில் ஒரு பங்குகூடக் கிடையாது. எங்கள் வீட்டில் ராத்திரிக்கு இரண்டு கேழ்வரகு அடை, முருங்கைக்கீரை உருவிப் போட்டு. 100 கிராம் முருங்கைக்கீரையில் 300-க்கு மேல் இருக்கும், நாம் ஒரு பிடிதான் போடுவோம் என்றாலும் அதுவும் கணக்கில் சேரும். இரண்டு தம்ளர் மோர் அல்லது பால். மதியம் எள்ளுப்பொடி. எள்ளில் கால்சியம் எக்கச்சக்கம், ஆனால் அதில் பெரும்பகுதி தோலில் ஆக்சலேட்டோடு பிணைந்து கிடப்பதால் அத்தனையும் உடம்பில் சேராது. கேழ்வரகை முளைகட்டி அரைத்தால் கால்சியத்தைக் கட்டிப்போடும் பைட்டேட் குறையும். ஆச்சி கேழ்வரகை நனைத்து வெள்ளைத் துணியில் முடிந்து தூணில் கட்டி வைப்பாள், மூன்றாம் நாள் முனை விட்டிருக்கும். நான் அதே மாதிரி செய்கிறேன், தூணுக்குப் பதில் சமையலறைக் குழாயில் கட்டுகிறேன்.

உளுந்தங்களியை விட்டுவிட்டேனே. பெரியவளானால் கருப்பட்டியும் நல்லெண்ணெயும் ஊற்றிக் கிண்டிக் கொடுப்பார்களே, "இடுப்பெலும்புக்கு" என்று. உளுந்தில் கால்சியம் கேழ்வரகு அளவு இல்லை, புரதம்தான் அதிகம், 100 கிராமுக்கு 23 கிராம் போல. எலும்பில் பாதிக்குப் பக்கம் கொள்ளளவு புரதச் சட்டகம்தான், தசைக்கும் அது வேண்டும். எனக்குப் பதிமூன்று வயதில் கொடுத்ததை ஐம்பது வயதில் யாரும் கொடுக்கவில்லை. மாதவிடாய் தொடங்குகிற வயதுக்கு இத்தனை பக்குவம் வைத்திருக்கிற நாம், நிற்கிற வயதுக்கு ஒன்றுமே வைக்கவில்லை. இப்போது மாதத்தில் இரண்டு தடவை எனக்காக நானே கிண்டிக்கொள்கிறேன்.

நடையும் வேண்டும். எடையைத் தாங்கி நடக்கும்போதுதான் எலும்பு தன்னைக் கட்டிக்கொள்ளும். தினம் நாற்பது நிமிட நடை, அது போக இரண்டு லிட்டர் தண்ணீர்ப் பாட்டிலைத் தோள் வரை தூக்கி இறக்குவது, நாற்காலியில் கையை ஊன்றாமல் பத்து முறை எழுந்து உட்காருவது. இடுப்பிலிருந்து குனிந்து கனத்தைத் தூக்குவதை அடியோடு விட்டுவிட்டேன். கோலம்கூட இப்போது குத்துக்கால் வைத்து உட்கார்ந்துதான் போடுகிறேன். குளியலறையில் கைப்பிடி அடித்தாகிவிட்டது, புறவாசல் படியில் சொரசொரப்பு ஓடு.

இரண்டு வருடம் கழித்து அதே ஆய்வகத்தில், அதே கருவியில் எடுத்தோம். வேறு வேறு கருவியில் எடுத்தால் ஒப்பிட முடியாது. முதுகெலும்பு மைனஸ் 2.3. இடுப்பு மைனஸ் 2.0, அதாவது ஏறக்குறைய அதே இடம். எது எவ்வளவு உதவியது என்று பிரித்துச் சொல்ல என்னால் முடியாது. அடர்த்தி ஏறியதில் பெரும் பங்கு அந்த வாராந்திர மாத்திரைக்கு என்று இரு மருத்துவர்களும் சொல்கிறார்கள், நானும் அப்படித்தான் நம்புகிறேன். பிரண்டையை நிறுத்தவில்லை. வாரம் ஒரு நாள் துவையல் உண்டு. முழங்காலுக்கும் வயிற்றுக்கும் அது செய்கிற நல்லதை நான் அறிவேன்.

அம்மாவைப் பற்றிச் சொல்லாமல் முடிக்க மனமில்லை. நாற்பத்தேழு வயதில் அவளுக்கு மாதவிடாய் நின்றது. அறுபதில் கூன் விழ ஆரம்பித்தது. வயசாச்சு என்றோம். அது ஒவ்வொரு முள்ளெலும்பாக உள்ளே அமுங்கியது என்று இப்போது தெரிகிறது. எழுபத்திரண்டில் விடியற்காலை வாசல் தெளிக்கப் போனவள் விழுந்து இடுப்பு முறிந்தது. பதினோரு மாதம் கட்டிலில் கிடந்தாள். போகிற வரை, "வாசல் தெளிச்சியாட்டி?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள்.

போன பொங்கலுக்கு மகள் வந்தபோது அவளுக்கென்று ஒரு புது ஃபைல் வாங்கி, முதல் தாளில் எழுதிக் கொடுத்தேன். ஆச்சி: 47-ல் மாதவிடாய் நின்றது, 72-ல் இடுப்பு முறிவு. அம்மா: 44-ல் முட்டைப்பை நீக்கம், 51-ல் மணிக்கட்டு முறிவு, டெக்ஸா மைனஸ் 2.7. எந்த மருத்துவரிடம் போனாலும் இந்தத் தாளைக் காட்டச் சொன்னேன். வாங்கிப் படித்துவிட்டு, அவள் உயரத்தையும் அளந்து அடியில் எழுதச் சொன்னாள். 158. ஊருக்குக் கிளம்பும்போது வேலியில் போய் மூன்று கணு பிரண்டை ஒடித்து, ஈரத் துணியில் சுற்றி, அந்த ஃபைலோடு சேர்த்துப் பையில் வைத்துக்கொண்டாள். பால்கனித் தொட்டியில் துளிர்த்துவிட்டதாம், படம் அனுப்பியிருந்தாள்.